கொடை முடிந்து வந்த காய்ச்சல்: ஒரு நிகழ்வு ஆய்வு

தாமிரபரணிக் கரையில், சேரன்மகாதேவிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே ஓர் ஊர். ஆனி மாதம் அங்கே சுடலைமாடன் கோயில் கொடை, அதாவது கோயில் திருவிழா. வெள்ளிக்கிழமை நள்ளிரவுப் பூசையான சாமக்கொடை முடிந்து எல்லோரும் சாப்பிட்டுப் படுக்கும்போது விடியப் போகிற நேரம். சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து ஒவ்வொரு வீடாக வயிற்றுப்போக்கு தொடங்கியது. ஞாயிறு இரவுக்குள் பாதித் தெரு படுத்துவிட்டது. அந்த வட்டாரத்தில் பொது மருத்துவம் பார்க்கிற எனக்கு இதில் ஒரு நோயாளி வந்தார். அவருக்கு என்ன ஆனது, அவர் உடம்பில் இருந்த கிருமி எந்த வழியாக வந்திருக்கும் என்று தேடியதில் என்ன கிடைத்தது என்பதை இங்கே எழுதுகிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். ஆட்களின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

நோயாளி அறுபத்தைந்து வயதைத் தாண்டிய விவசாயி. பல வருடமாகச் சர்க்கரை. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு 'கேஸ் மாத்திரை' போடுகிற பழக்கமும் உண்டு. இந்தப் பழக்கத்தைச் சும்மா சொல்லவில்லை. வாய் வழியாக உள்ளே போகும் கிருமிகளில் பெரும்பகுதியை இரைப்பை அமிலம் கொன்றுவிடும். அந்த அமிலத்தை மாத்திரை போட்டு அடக்கி வைத்திருக்கிறவருக்குக் குறைந்த அளவு கிருமியே போதும். நம் ஊரில் பாண்டோப்ரசோல் என்ற இந்த மாத்திரையை மிட்டாய் மாதிரி வாங்குகிறார்கள். இதைப் பற்றித் தனியாகவே ஒருநாள் எழுத வேண்டும்.

அவரை ஆட்டோவில் அழைத்து வந்த மருமகள் சொன்னது: "சார், மாமாவுக்கு மூணு நாளா வயித்தால போகுது. எல்லாருக்கும் மெடிக்கல்ல வாங்கின மாத்திரையத்தான் இவுகளுக்கும் குடுத்தோம். எங்களுக்கெல்லாம் நின்னுட்டு. இவுகளுக்கு மட்டும் காய்ச்சல் விடவே இல்ல."

அந்த மாத்திரையின் அட்டையைப் பார்த்தேன். ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்தது. மருந்துச் சீட்டு இல்லாமல் கொடுக்கக்கூடாத மருந்துதான். ஆனால் வயிற்றுப்போக்கு என்று சொன்னால் எந்தத் தெருமுனைக் கடையிலும் இதுதான் முதலில் கைக்கு வரும். தெருவில் பாதிப் பேர் இதைத்தான் சாப்பிட்டிருந்தார்கள், பெரும்பாலும் நாலு வேளை மட்டும். சாப்பிட்டு மூன்றாம் நாள் சரியானதால் மாத்திரைக்கு நல்ல பெயர். மாத்திரை போடாமல் உப்பும் சர்க்கரையும் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்த இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் அதே மூன்றாம் நாளில்தான் சரியானது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

பெரியவருக்குக் காய்ச்சல் அதிகம், ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது, பேச்சில் தெளிவில்லை. குளுக்கோஸ் ஏற்றினால் சரியாகிற கட்டம் தாண்டிவிட்டது என்று பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினேன். அங்கே ஆன்டிபயாடிக் ஊசி போடுவதற்கு முன்பே ரத்தத்தைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, எடுத்துவிட்டார்கள். இந்த ஒரு காரியம் மட்டும் நடக்காமல் போயிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

கல்ச்சரில் வளர்ந்தது சால்மொனெல்லா. டைபாய்டு உண்டாக்கும் வகை அல்ல. கோழி, மாடு, பன்றி, பல்லி வரை பல உயிர்களின் குடலில் குடியிருக்கும் வகை. டைபாய்டு கிருமி மனிதனிடம் மட்டும்தான் வாழும், அதனால் அதைத் தேட மனிதர்களைத் தேடினால் போதும். இந்த வகைக்கு அப்படி எல்லை கிடையாது. ஆரோக்கியமான ஆளுக்கு வந்தால் பெரும்பாலும் குடலோடு நிற்கும். வயதானவர், சர்க்கரைக்காரர், கைக்குழந்தை என்றால் குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் போகும். இவருக்கு நடந்தது அதுதான்.

எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பார்த்த அறிக்கையில் ஆம்பிசிலின், டெட்ராசைக்ளின், கோட்ரைமாக்சசோல், நாலிடிக்சிக் ஆசிட், சிப்ரோஃப்ளாக்சசின் ஐந்துக்கும் எதிர்ப்பு. செஃப்ட்ரையாக்சோனுக்குக் கேட்டது. அந்த ஊசியில் பிழைத்தார். ஆஃப்லாக்சசினும் சிப்ரோஃப்ளாக்சசினும் ஒரே குடும்பம் என்பதால் வீட்டில் சாப்பிட்ட மாத்திரை ஏன் கேட்கவில்லை என்பதற்கு விடை அங்கேயே கிடைத்துவிட்டது. அந்தக் கிருமி எங்கே இதைக் கற்றுக்கொண்டது என்பதுதான் மிச்சக் கேள்வி. மூன்று நாள் மாத்திரையில் பெரியவரின் வயிற்றுக்குள் உருவான எதிர்ப்பாக இது இருக்க முடியாது. ஐந்து மருந்துக்கு எதிர்ப்போடுதான் அது அவர் இலைக்கு வந்திருக்கிறது.

என்ன சாப்பிட்டார்கள்

ஊரில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ராத்திரி ஆக்கின கறி கெட்டுப்போய்விட்டது என்றார்கள் சிலர். வாய்க்கால் தண்ணீர் என்றார்கள் சிலர். பூசையில் குறை என்றும் ஒரு கட்சி இருந்தது.

நேரக் கணக்கு இங்கே உதவும். சமைத்து வெளியில் வைத்த உணவில் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற கிருமியின் நஞ்சு சேர்ந்திருந்தால் சாப்பிட்ட ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கியிருக்கும், காய்ச்சல் இருக்காது. இங்கே பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, சிலருக்கு ஒன்றரை நாள் கழித்து, காய்ச்சலோடு தொடங்கியது. அது சால்மொனெல்லாவின் நேரம். பெரியவரின் ரத்தமும் அதையே சொன்னது.

அப்புறம் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டுக் கேட்டு ஒரு பட்டியல் போட்டேன். முறையான ஆய்வு என்று இதைச் சொல்ல முடியாது. சுகாதார ஆய்வாளர் வந்து மேல்நிலைத் தொட்டியில் குளோரின் போட்டபோதே சாப்பாட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை, மாதிரி எடுக்க வழியில்லை. ஆனாலும் பட்டியலில் ஒருவர் மட்டும் தனியாகத் தெரிந்தார். வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிக்கிறவர். வெளியூர்க்காரர், சுத்த சைவம். அவரும் படுத்துவிட்டார். கறியைத் தொடவில்லை. சோறு, சாம்பார், அப்பளம், வெங்காயப் பச்சடி. குடித்தது, குழுவுக்கென்று வாங்கி வைத்த கேன் தண்ணீர்.

சோறும் சாம்பாரும் கொதித்து இறங்கியவை. கொதிக்காமல் இலைக்கு வந்தது பச்சடி ஒன்றுதான்.

சமையலைப் பார்த்தவர்கள் ஊர் இளைஞர்கள். அவர்களில் ஒருவரிடம் வெங்காயம் எங்கே வைத்து வெட்டினீர்கள் என்று கேட்டேன். "கறி வெட்டின கட்டையிலதான் சார். கழுவிட்டுத்தான் வெட்டினோம்" என்றார். எதில் கழுவினீர்கள்? கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருந்த நேரம், கோயிலுக்குப் பின்னால் வாய்க்கால் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. அதில்தான். கோழியையும் அங்கேயே கழுவியிருக்கிறார்கள்.

கொடைக்கு வெட்டின கிடாவும் நேர்ந்துவிட்ட சேவலும் ஊரில் வளர்ந்தவை. ஆனால் அவ்வளவு கூட்டத்துக்கு அது எப்படிக் காணும்? பக்கத்துப் பண்ணையிலிருந்து பிராய்லர் கோழி உயிரோடு வந்து இறங்கியிருக்கிறது. கறியை நன்றாகவே வேகவைத்திருக்கிறார்கள். மருந்துக்கு அடங்காத கிருமி நெருப்புக்கும் அடங்காது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. கொதிக்கிற குழம்பில் இரண்டும் ஒன்றுபோலவே சாகும். கட்டையில் மிச்சமிருந்ததும், கழுவும்போது தெறித்ததும் கொதிக்கவில்லை.

ஆக, சந்தேகப் பட்டியலில் இரண்டு: கோழி, வாய்க்கால். கோழி என்று முடித்துவிடலாம்தான். நானும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன். ஆனால் பண்ணையிலிருந்து மாதிரி எடுத்து, அதில் சால்மொனெல்லா வளர்த்து, அதன் மரபணுவையும் பெரியவரின் கிருமியின் மரபணுவையும் ஒப்பிட்டிருந்தால்தான் அதை உறுதியாகச் சொல்லலாம். அது நடக்கவில்லை. நம் நாட்டில் மனிதரிடம் எடுத்த சால்மொனெல்லாவின் வகையைக் கண்டறியும் தேசிய மையம் இமாசலத்தில் கசௌலியில் இருக்கிறது. கால்நடையிடம் எடுத்ததற்கான மையம் உத்தரப்பிரதேசத்தில் இஸத்நகரில். ஒரே கட்டையில் கலந்த கிருமிக்கு இரண்டு திசையில் இரண்டு முகவரி. ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒரு வட்டாரத்தின் கோழியையும் நோயாளியையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க இதைவிட வசதி வேறெங்கே?

பண்ணைக்குள்

கால்நடை மருத்துவ நண்பரோடு அந்தப் பண்ணைக்குப் போனேன். பண்ணைக்காரர் மறைக்காமல் பேசினார். அவருடையது ஒப்பந்த வளர்ப்பு. குஞ்சு, தீவனம், மருந்து மூன்றும் கம்பெனி தருகிறது. கொட்டகை, கரண்டு, தண்ணீர், உழைப்பு இவருடையது. ஏறத்தாழ நாற்பது நாளில் கோழி இரண்டு கிலோ வந்ததும் லாரி வந்து ஏற்றிப் போகும். எடைக்குக் கூலி. தீவனம் அதிகம் தின்று எடை குறைந்தாலும், குஞ்சு அதிகம் செத்தாலும் கூலியில் பிடிப்பார்கள்.

கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. ஆயிரக்கணக்கான கோழியை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட்டால் கூலிக்கே கட்டாது. பிராய்லர் சீக்கிரம் வளர்வது தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த இனத்தாலும் தீவனத்தாலும். இல்லாத ஹார்மோனுக்குப் பயந்துகொண்டு, தண்ணீர்த் தொட்டியில் கரைக்கிற ஆன்டிபயாடிக் பொடியைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

அந்தப் பொடியை முதல் வாரத்தில் குஞ்சு சாகாமலிருக்கத் தண்ணீரில் கலக்கிறார்கள். அப்புறம் கோழி தும்மினால், கழிச்சல் கண்டால், மழைக்காலம் என்றால் மறுபடியும். ஒரு கோழிக்கு நோய் என்றாலும் கொட்டகை முழுக்கக் குடிக்கும். நோய் முற்றின கோழி தண்ணீரே குடிக்காது என்பதால், அதிகம் தேவைப்பட்டதற்குக் குறைவாகவும் தேவைப்படாததற்கு முழுதாகவும் போய்ச் சேர்கிறது. பழைய உறைகளைப் புரட்டிப் பார்த்ததில் நண்பர் கண்டது டாக்சிசைக்ளின், நியோமைசின், என்ரோஃப்ளாக்சசின்.

இந்தக் கடைசி மருந்தில்தான் விஷயம் இருக்கிறது. என்ரோஃப்ளாக்சசின் கால்நடை மருந்து. உடம்புக்குள் போனதும் அதில் ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்சசினாகவே மாறுகிறது. கோழியின் குடலில் அதோடு பழகிப் பிழைத்த கிருமிக்கு, மெடிக்கலில் வாங்கின ஆஃப்லாக்சசின் புதிய எதிரி அல்ல. இதே காரணத்துக்காக அமெரிக்கா 2005-ல் கோழிகளுக்கு என்ரோஃப்ளாக்சசின் கொடுப்பதைத் தடை செய்தது. அங்கே காரணமாக இருந்தது கேம்பைலோபாக்டர் என்ற இன்னொரு கிருமி. கோலிஸ்டின் கதையும் இப்படித்தான். வேறு எதுவும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாகக் கொடுக்கிற மருந்து அது. அதற்கான எதிர்ப்பு ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது என்று 2015-ல் சீனாவில் பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் கண்டுபிடித்தார்கள். இந்தியா 2019-ல் உணவுக்கான கால்நடைகளுக்குக் கோலிஸ்டினைத் தடை செய்தது. தடைக்குப் பின் வந்த உறை ஒன்றிலும் அது இல்லை. அந்த மட்டில் நல்லது.

பண்ணைக்காரர் ஒன்றை அழுத்திச் சொன்னார்: "கோழி ஏத்துறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே மருந்த நிறுத்திருவோம் சார்." அதை நம்புகிறேன். ஆனால் அந்த இடைவெளி கறியில் மருந்தின் மிச்சம் இல்லாமல் இருப்பதற்காக. மருந்து போய்விடும், மருந்துக்குப் பழகின கிருமி குடலிலேயே இருக்கும். கறியைச் சோதித்து மருந்து இல்லை என்று சான்றிதழ் வாங்கினாலும் கிருமியைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. இந்த இரண்டையும் அதிகாரிகள் உட்படப் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

கோழியிலிருந்து மனிதனுக்கு இது கறி வழியாக மட்டும் வருவதில்லை. அமெரிக்காவில் ஸ்டூவர்ட் லெவி 1976-ல் வெளியிட்ட ஆய்வு இன்றும் படிக்க வேண்டியது. ஒரு சிறு பண்ணையில் தீவனத்தில் ஆக்சிடெட்ராசைக்ளின் கலந்து கொடுத்துப் பார்த்தார். சில நாளிலேயே கோழிகளின் குடல் கிருமிகள் எதிர்ப்புப் பெற்றன. சில மாதத்தில் அந்த மருந்தைத் தொட்டே பார்க்காத பண்ணைக் குடும்பத்தாரின் குடலிலும் எதிர்ப்புள்ள கிருமி பெருகியிருந்தது. அதோடு, கொடுக்காத வேறு மருந்துகளுக்கும் எதிர்ப்பு வந்திருந்தது.

கொடுக்காத மருந்துக்கு எப்படி எதிர்ப்பு வரும்? இதற்கு விடை ஜப்பானிலிருந்து வந்தது. அங்கே சீதபேதிக் கிருமியை ஆராய்ந்தவர்கள் 1959-ல், பல மருந்துகளுக்கான எதிர்ப்பு மொத்தமாக ஒரு கிருமியிலிருந்து வேறு வகைக் கிருமிக்குக் கைமாறுவதைக் கண்டார்கள். பரீட்சையில் விடைத்தாளைப் பக்கத்து பெஞ்சுக்குத் தள்ளிவிடுகிற மாதிரி. எந்த வகுப்புப் பையன் என்றுகூடப் பார்ப்பதில்லை. பிளாஸ்மிட் என்ற அந்தச் சிறு மரபணு வளையத்தில் டெட்ராசைக்ளின், ஆம்பிசிலின், சல்ஃபா எல்லாவற்றுக்கும் எதிர்ப்பு சேர்ந்தே இருக்கலாம். ஒரு மருந்தைக் கொடுத்தாலே முழு வளையமும் பிழைக்கும். சிப்ரோஃப்ளாக்சசின் எதிர்ப்பு பெரும்பாலும் வேறு மாதிரி: கிருமியின் சொந்த மரபணுவில் ஏற்படும் சிறு மாற்றம், அது பரம்பரையாக இறங்கும். பெரியவரின் அறிக்கையில் இருந்த ஐந்தில் இரண்டு வகையும் கலந்திருக்கின்றன என்பது என் ஊகம்.

ஆற்றுக்குள்

இனி வாய்க்கால். பொதிகையில் பிறந்து பாபநாசத்தில் இறங்குகிற தண்ணீரை அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று ஒவ்வோர் ஊரும் குளிக்க, துவைக்க, மாடு கழுவ, வயலுக்கு எடுத்து மிச்சத்தைக் கீழே விடுகிறது. சாக்கடையையும் சேர்த்துத்தான் விடுகிறது. ஆற்றுமணலில் இறக்கிய உறைகிணறுகளிலிருந்து திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் குடிநீர் போகிறது.

ஊரில் பேச்சு வாய்க்கால் பக்கம் திரும்பியதும் ஒருவர் உடனே சொன்னார், "கேரளாக்காரன் கொட்டின ஆஸ்பத்திரிக் குப்பைதான்." 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கொடகநல்லூர்ப் பக்கம் கேரளத்து மருத்துவக் கழிவைக் கொட்டியது உண்மை. பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு லாரிகளில் திரும்ப அள்ளிப்போக வைத்ததும் உண்மை. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் அது எப்போதோ கொட்டியது, அள்ளியாகிவிட்டது. நம் வீட்டு செப்டிக் டேங்கை உறிஞ்சுகிற லாரி ராத்திரியில் எந்த ஓடையில் திறந்துவிடுகிறது என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. கோழிக்கடையின் ரத்தத் தண்ணீர் எந்த வாய்க்காலுக்குப் போகிறது என்றும் கேட்கவில்லை.

சால்மொனெல்லா வந்து குணமானவரின் மலத்தில் சராசரியாக ஐந்து வாரம் வரை கிருமி போய்க்கொண்டிருக்கும். சின்னக் குழந்தைகளுக்கு இன்னும் நீளும். இடையில் தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் அது குறையாது, கூடவும் செய்யலாம். கொடை முடிந்த அந்த மாதம் முழுவதும் அந்தத் தெருவிலிருந்து எவ்வளவு கிருமி வாய்க்காலுக்குப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கிற மாடு, அறுவடை முடிந்த வயலில் மேய்கிற வாத்துக் கூட்டம், கீழ்க்கரை ஊர்கள். கொட்டகையிலிருந்து அள்ளுகிற கோழி எரு வாழைத் தோட்டத்துக்குப் பச்சையாகவே போகிறது. மழை பெய்தால் அதுவும் வாய்க்காலுக்குத்தான். தண்ணீர் வழியாக எதிர்ப்பு பரவுவதற்கு நாம் ஆதாரம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 2011-ல் வெளியான ஆய்வில் டெல்லியின் தெருக்களில் தேங்கிய நீர் 171 மாதிரிகளில் 51-லும், குழாய்த் தண்ணீர் 50 மாதிரிகளில் இரண்டிலும் என்டிஎம்-1 என்ற எதிர்ப்பு மரபணு இருந்தது. கார்பாபெனம் போன்ற கனமான ஊசிகளையும் செயலிழக்க வைக்கும் மரபணு அது.

அதனால்தான் கோழியா, வாய்க்காலா என்ற கேள்வி நாளாக ஆக எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. கோழியிலிருந்து கட்டைக்கும், கட்டையிலிருந்து வயிற்றுக்கும், வயிற்றிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து மறுபடி ஆடு மாடு கோழிக்கும் போகிற ஒன்றில் தொடக்கம் எது? மருந்தைக் குறைக்க வேண்டிய இடமும் தண்ணீரைத் தடுக்க வேண்டிய இடமும் தனித்தனி. ஒன்றைச் செய்தால் மற்றதைச் செய்ய வேண்டாம் என்பதில்லை.

ஊர்க்கூட்டத்தில் சமையல் விஷயம் சுலபமாக முடிந்தது. பச்சடிக்குத் தனிக் கட்டை, தனி அரிவாள்மனை, தொட்டித் தண்ணீர். கறி வெட்டுகிறவர் வேறு, காய் வெட்டுகிறவர் வேறு. கோழியைக் கழுவுவதை விட்டுவிடலாம், வேகும்போது எல்லாம் செத்துவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். அதை மட்டும் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. "கழுவாத கறிய எப்படி சார் திங்க?" என்று சமையல்காரப் பையன் முகம் சுளித்தார். சரி, வாய்க்காலை விட்டுத் தள்ளி வைத்துக் கழுவுங்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். மெடிக்கல் கடைக்காரர் ஓஆர்எஸ் பாக்கெட்டைக் கண்ணில் படுகிற மாதிரி முன்னால் தொங்கவிட்டார். மாத்திரையையும் கேட்டவர்களுக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். கொடுக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போவார்கள் என்கிறார், அதுவும் நடக்கிறதுதான்.

பண்ணையில் விஷயம் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. எருவைக் குவித்து, நனைத்து, மூடிவைத்து உள்ளே சூடேறி மக்கியபின் தோட்டத்துக்குக் கொடுக்க அவர் சம்மதித்துவிட்டார். அதில் அவருக்கு நஷ்டமில்லை. மருந்தைப் பற்றிக் கேட்டால், "நான் போடாம விட்டு குஞ்சு செத்தா கூலில பிடிப்பாங்க. நீங்க கம்பெனிட்டப் பேசுங்க அண்ணாச்சி" என்று என் நண்பரைப் பார்த்தார். நண்பர் பேசினார். நோய் கண்டபின் மருந்து, அதுவும் கால்நடை மருத்துவர் பார்த்து எழுதினபின் மட்டும் என்று ஒரு பேட்ச் விட்டுப் பார்க்கக் கேட்டார். பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். அதுவரைக்கும் எந்த நாளில் எந்தப் பொடி, எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறோம். உறையில் பெயர் ஆங்கிலத்தில் இருப்பதால் அவருடைய மகள் பார்த்து எழுதித் தருகிறாள். போன வாரம் வாட்ஸப்பில் வந்த பக்கத்தில் முதல் ஐந்து நாளும் என்ரோஃப்ளாக்சசின் இருந்தது.